ஆப்டா, பிப்பா, கோண்டாவா: ஹாட்ஸ்பாட் நெட்டில் ஒரு லேப்டாப்பைத் தயார் செய்வது

வேதாளையிலிருந்து ஒரு பிள்ளை போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தங்கச்சிமடம் வந்தது. கடல் உயிரியல் படிக்கிறது. அம்மாவும் ஊர்ப் பெண்களும் மூங்கில் மிதவையில் கப்பாஃபைகஸ் வளர்க்கிறார்கள். இங்கே அதற்குப் பெப்சி பாசி என்றுதான் பெயர், அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் இந்த வளர்ப்பில் இறங்கியிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். மிதவை கிடக்கும் இடங்களை வரைபடத்தில் போட்டு, அதன்மேல் கடல்நீர் வெப்பநிலைத் தரவை ஏற்றி, தண்ணீர் சூடாகிற மாதங்களில் எந்தப் பக்கம் பாசி கெடுகிறது என்று பார்ப்பதுதான் புராஜெக்ட். அதற்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும், பைத்தான் நிரல்மொழியில் நெட்சிடிஎஃப் கோப்பை (அந்த வெப்பநிலைத் தரவு வரும் வடிவம்) திறக்க வேண்டும், கொஞ்சம் கிராஃப் போட வேண்டும்.

"அண்ணே, காலேஜ்ல ஒருத்தர் கோண்டா போடச் சொல்றார், இன்னொருத்தர் பிப் போதும்ங்கிறார், வீடியோவுல ஸ்னாப்னு சொல்றாங்க. எதைத்தான் போடுறது?"

மூன்றும் மென்பொருளை நெட்டிலிருந்து இறக்கி நிறுவித் தருகிற கருவிகள், உபுண்டுவோடே வருகிற ஆப்டும் அதே ரகம். லேப்டாப்பில் 4 ஜிபி ராம், உபுண்டு 22.04 (விண்டோஸுக்குப் பதில் போடுகிற லினக்ஸ் இயங்குதளம்). நெட் என்பது போன் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, பேட்டரி பதினைந்து நிமிடம் தாங்கும். ஃபைபர் நெட்டும் புது மிஷினும் இருக்கிறவர் கேட்டிருந்தால் எதையாவது போடுங்கள் என்று சொல்லியிருப்பேன், அங்கே எல்லாமே வேலை செய்யும். இங்கே நான் பார்ப்பது வேறு. இன்று நிறுவுவது எவ்வளவு சுலபம் என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் போய், நெட்டும் இல்லாத ஒரு சாயங்காலம், இதையே மறுபடி நிறுவ முடியுமா? எனக்கு அளவுகோல் அதுதான். (கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் டிபென்டென்சி, அதாவது ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் தேவைப்படுகிற மற்ற மென்பொருள்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே வரவில்லை. ஸ்டேஷன் இருந்தது, மேடை இருந்தது, மண்டபம் வரைக்கும் வண்டியும் வந்தது. ஆனால் நடுவில் ஒன்று இல்லை. ஒரு பேக்கேஜை (மென்பொருள் பொட்டலம்) மட்டும் தனியாக இறக்கி இரட்டைக் கிளிக் செய்துவிட்டு 'ஏன் ஓடவில்லை' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற கதை இது. க்யூஜிஐஎஸ்ஸுக்கு ஜிடால் வேண்டும், க்யூட்டி வேண்டும், ஜிடாலுக்கு ப்ராஜ் வேண்டும், ஜியோஸ் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னும் பத்து. இவையெல்லாம் நூலகங்கள், மற்ற மென்பொருள்கள் கடன் வாங்கிக்கொள்ளும் நிரல் துண்டுகள். அந்தச் சங்கிலியை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இந்தக் கருவிகள் வேறுபடுகின்றன.

ஆப்ட் அந்தச் சங்கிலி முழுவதையும் தானே பிடித்துக்கொள்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் 1993-இல் தொடங்கியது, ஆப்ட் 1999-இல் அதோடு வந்தது, உபுண்டு அதன் வழியில் வந்த பிள்ளை. ரெப்போவில் (அவர்களுடைய பேக்கேஜ் கிடங்கு) இருக்கும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி அவர்களே பார்த்து, கையெழுத்திட்டு வைத்திருக்கிறார்கள். நாம் 'ஆப்ட் இன்ஸ்டால் க்யூஜிஐஎஸ்' என்று அடித்தால் கூடவே வரவேண்டியதை எல்லாம் கணக்குப் போட்டு, மொத்தம் எத்தனை எம்பி இறக்க வேண்டும், டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் 'ஒய்'யா 'என்'னா (வேண்டுமா வேண்டாமா) என்று கேட்கும். பலர் அந்த வரியைப் படிக்காமலே ஒய் அடித்துவிட்டு, பாதியில் டேட்டா தீர்ந்ததும் என்னிடம் வருவார்கள். அந்த ஒரு வரியைப் படியுங்கள், நாளைக்கு இறக்கலாமா இன்றைக்கே போதுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டேட்டா குறைவாக இருப்பவர்களுக்கு ஆப்டில் எனக்குப் பிடித்தது, அது எல்லாவற்றையும் முதலில் இறக்கி முடித்துவிட்டுத்தான் பிரித்து வைக்கத் தொடங்கும். நடுவில் நெட் போனால் ஒன்றும் கெடவில்லை. அடுத்த நாள் அதே கட்டளையை அடித்தால் முழுதாக வந்தவை அப்படியே இருக்கும், பாதியில் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரித்து வைக்கும்போது கரண்ட் போனால்தான் கொஞ்சம் வம்பு. 'டிபிகேஜி கன்ஃபிகர் ஏ' ஓட்டு என்று அதுவே சொல்லும், அதை ஓட்டி, அப்புறம் 'ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' என்றால் பெரும்பாலும் எழுந்து நின்றுவிடும். ஒரு மழைக்காலத்தில் இப்படி ஒரே இரவில் மூன்று தடவை கரண்ட் போன மிஷின் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 'ஆப்ட்' என்ற கட்டளை நிறுவி முடித்ததும் இறக்கிய டெப் கோப்புகளை (பேக்கேஜ்கள் வருகிற வடிவம்) அழித்துவிடும். பழைய 'ஆப்ட்-கெட்' அழிக்காது, வார் கேஷ் ஆப்ட் ஆர்க்கைவ்ஸ் என்ற கோப்புறையில் வைத்திருக்கும். அதனால் நான் இன்னும் ஆப்ட்-கெட்தான் அடிக்கிறேன், பழக்கம் என்று நினைப்பார்கள், கஞ்சத்தனம். ஒரு மிஷினில் இறக்கியதை பென்டிரைவில் எடுத்துப்போய், அதே உபுண்டு இருக்கிற அடுத்த மிஷினில், அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு எல்லா டெப் கோப்பையும் ஆப்ட்-கெட் இன்ஸ்டாலுக்குக் கொடுத்தால் ஒரு எம்பி கூடச் செலவில்லை. இதில் ஒரு குழி இருக்கிறது. உங்கள் மிஷினில் ஏற்கெனவே இருந்த டிபென்டென்சியை அது இறக்கியிருக்காது, அடுத்தவர் மிஷினில் அது இல்லையென்றால் அங்கே போய்த் தடுக்கும். புதிதாக உபுண்டு போட்ட மிஷினில் முதல் வேலையாக இறக்கி வைத்தால் இந்தத் தொல்லை வராது. நாலைந்து மிஷின் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றில் ஆப்ட்-கேஷர்-என்ஜி போட்டு, மற்றவற்றுக்கு அதைப் பிராக்ஸியாகக் காட்டிவிடலாம். முதல் மிஷின் இறக்கியது மற்றவற்றுக்கு உள்ளூரிலேயே கிடைக்கும். டியூஷன் சென்டர், சின்ன ஆபீஸ் நடத்துகிறவர்கள் இதை இந்த வாரமே செய்யலாம்.

ஆப்டின் குறை ஊருக்கே தெரிந்தது, எல்லாம் பழசு. உபுண்டு 22.04-இல் க்யூஜிஐஎஸ் 3.22-தான், 24.04-க்குப் போனால் 3.34. புதுசு வேண்டுமென்று அங்கிருந்தும் இங்கிருந்தும் பிபிஏ (வெளியார் நடத்தும் ரெப்போ) சேர்த்தால், ஒரு ரெப்போ ஒரு ஜிடாலையும் இன்னொன்று வேறு ஜிடாலையும் கேட்க, 'அன்மெட் டிபென்டென்சிஸ்' என்று நிற்கும். சேர்ப்பதென்றால் ஒன்று மட்டும் சேருங்கள், அதுவும் அந்த மென்பொருளைச் செய்கிறவர்களே நடத்துவதாக இருக்கட்டும். பழசு என்பதே சில நாளில் லாபமாகவும் வரும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்தது தெரியவந்தபோது, டெபியன் 12 பழைய 5.4-இல் நின்றதால் அதன் பக்கமே வரவில்லை, புதுசு புதுசாக வாங்கிக்கொள்ளும் டெபியன் டெஸ்டிங் மாட்டிக்கொண்டது. பதிப்பையே மாற்றுகிற பெரிய வேலையைத் தடைக்காலம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போதுதான் கரையேற்றிப் பலகை பார்ப்பார்கள், எஞ்சின் பார்ப்பார்கள். நாளைக்குத் தொழிலுக்குப் போகிற படகைப் பிரித்துப்போட மாட்டார்கள். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் 22.04-ஐ 24.04 ஆக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

சரி, பிப்.

பைத்தான் நூலகங்கள் வரை பிப்தான் ராஜா, புதுசு எல்லாம் அங்கேதான் முதலில் வரும். ஆனால் 'சூடோ பிப் இன்ஸ்டால்' (சூடோ என்றால் அட்மின் உரிமையோடு ஓட்டு) என்று எந்த வீடியோ சொன்னாலும் அங்கேயே மூடிவிடுங்கள். 2023 தொடக்கத்தில் ஒரு ஐஸ் வாடிக்காரருக்காக நான் எழுதிக்கொடுத்த கணக்கு ஸ்கிரிப்டுக்கு, உபுண்டு 20.04 மிஷின் ஒன்றில், அவசரத்தில் சூடோ போட்டு ஒரு பேக்கேஜை இறக்கினேன். அது தன்னோடு புது கிரிப்டோகிராஃபி நூலகத்தையும் இழுத்து வந்தது. சிஸ்டத்தில் ஆப்ட் போட்டிருந்த பழைய பைஓபன்எஸ்எஸ்எல் அதைப் பார்த்ததும் முறைத்துக்கொண்டது. முடிவில் ஸ்கிரிப்டும் ஓடவில்லை, பிப்பும் ஓடவில்லை. பிப்பே ஓடாதபோது பிப்பை வைத்து எதை நீக்குவது? யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் போய் அந்தக் கோப்புறைகளைக் கையால் அழித்துத்தான் மீட்டேன், அதற்குள் இரண்டு நாள் பில் கையெழுத்தில் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அந்தப் பக்கம் போக ஒரு மாதம் கூச்சமாக இருந்தது.

இந்தக் கூத்தைத் தடுக்கத்தான் டெபியன் 12-இலும் உபுண்டு 24.04-இலும் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப்பை விடுவதில்லை. 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று சிவப்பில் வரும். அதை மீறிப் போக ஒரு கொடி (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் சொல்) வைத்திருக்கிறார்கள், அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. சிஸ்டத்தை உடை என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்தும் காப்பி பேஸ்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 22.04-இல் இந்தத் தடையும் கிடையாது, அமைதியாக உள்ளே விட்டுவிடும், அந்தப் பிள்ளையின் மிஷினில் நான் பயந்தது அதற்குத்தான்.

பிப் பயன்படுத்தினால் வென்வுக்குள் மட்டும், அதாவது சிஸ்டத்திலிருந்து தனியாகப் பிரித்த பைத்தான் இடத்துக்குள். பைத்தான்3-வென்வ் என்பதை முதலில் ஆப்டில் போட வேண்டும், உபுண்டுவில் அது தனிப் பேக்கேஜ். புராஜெக்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு வென்வ், கெட்டால் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி போடலாம், சிஸ்டத்துக்கு ஒரு கீறல் கிடையாது. ஒவ்வொரு வென்வும் நம்பை, பாண்டாஸ் மாதிரி நூலகங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக்கொள்ளும், டிஸ்க் குறைவாக இருந்தால் வலிக்கும். அதற்கு ஒரு வழி, பெரிய நூலகங்களை ஆப்டில் போட்டுவிட்டு, வென்வ் உருவாக்கும்போது 'சிஸ்டம் சைட் பேக்கேஜஸ்' கொடியைக் கொடுப்பது. சிஸ்டத்தில் இருப்பதை வென்வ் பார்க்கும், புதிதாகப் போடுவது மட்டும் உள்ளே தங்கும். 4 ஜிபி ராம், சின்ன டிஸ்க் கொண்ட மிஷின்களுக்கு நான் இப்படித்தான் செய்கிறேன்.

நெட் இல்லாத நாளுக்கு 'பிப் டவுன்லோட்' இருக்கிறது. தேவையான பெயர்களை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண்ணோடு எழுதி, ஒரு கோப்புறைக்குள் வீல்களை இறக்கிக்கொள்ளுங்கள். வீல் என்றால் ஏற்கெனவே கம்பைல் செய்து கட்டிய பொட்டலம். பிறகு எந்த மிஷினிலும் 'நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ்' என்று அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும், பிப் வெளியே எட்டிப் பார்க்காது. பைத்தான் பதிப்பு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 22.04-இல் பைத்தான் 3.10, 24.04-இல் 3.12. நம்பை மாதிரி சி மொழியில் எழுதியவற்றுக்கு ஒன்றின் வீல் இன்னொன்றில் ஏறாது.

பிப் மண்டியிடும் இடம் ஒன்று இருக்கிறது, அது நம் வேலையிலேயே வரும். நெட்சிடிஎஃப்4 பிரச்சினையில்லை, உள்ளே வேண்டிய சி நூலகங்களைச் சேர்த்தே கட்டிய வீல் கிடைக்கிறது, ராஸ்டீரியோவும் அப்படியே. ஆனால் 'பிப் இன்ஸ்டால் ஜிடால்' என்று அடித்துப் பாருங்கள், ஜிடால்-கன்ஃபிக் எங்கே என்று கேட்டுவிட்டுப் படுத்துவிடும். சிஸ்டத்தில் ஜிடாலின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இருக்க வேண்டும், அதன் பதிப்பும் நீங்கள் கேட்கும் பைத்தான் ஜிடாலின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பைத்தான் அல்லாத டிபென்டென்சியைப் பிப் தேடிக் கொண்டுவராது, அதன் எல்லை அவ்வளவுதான். ஆப்டில் 'பைத்தான்3-ஜிடால்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கோண்டா உள்ளே வருகிறது. 2012-இல் வந்தது. பைத்தானோடு சி, ஃபோர்ட்ரான் நூலகங்கள், ஆர் மொழி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்க்கும். தங்கலுக்கு (நாள்கணக்கில் கடலிலேயே தங்குவதற்கு) போகிற விசைப்படகு அரிசி, தண்ணீர், டீசல், ஐஸ் எல்லாவற்றையும் கரையிலேயே ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி, கோண்டா தன் பைத்தானையும் தானே கொண்டுவரும், சிஸ்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காது. சூடோ தேவையில்லை, வீட்டுக் கோப்புறைக்குள் எல்லாம் முடிந்துவிடும், அட்மின் கடவுச்சொல் தராத காலேஜ் லேப் மிஷினுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 22.04-இலும் 24.04-இலும் ஒரே பட்டியல், ஒரே விளைவு. ஆனால் அத்தனை சரக்கும் ஏற்றினால் படகு கனக்கத்தான் செய்யும். சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கிற ஜிடாலை மறுபடி இறக்கும், பைத்தானை மறுபடி இறக்கும், டேட்டா நம்முடையது. போடுவதென்றால் முழு அனகோண்டா வேண்டாம், மினிஃபோர்ஜ் போடுங்கள், சின்னது, கோண்டா-ஃபோர்ஜ் சானலை (கோண்டாவில் ரெப்போவுக்குச் சானல் என்று பெயர்) மட்டும் பார்க்கும். அனகோண்டாவின் சொந்தச் சானலுக்கு 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் காசு கட்ட வேண்டுமென்ற விதி வேறு இருக்கிறது. கணக்குப் போடவே அரைமணி எடுக்கும் என்று கோண்டாவுக்கு இருந்த கெட்ட பெயர் பழைய கதை, 2023-இல் 23.10 பதிப்பிலிருந்து அந்தக் கணக்கைப் போட லிப்மாம்பா வந்தபிறகு வேகம். பேஸ் என்விரான்மென்ட் தானாக ஏறிக்கொள்வதை மட்டும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் எந்தப் பைத்தானில் நிற்கிறோம் என்றே தெரியாது. கோண்டாவுக்குள் பிப்பும் வேண்டுமென்றால் கோண்டா வேலை எல்லாம் முடிந்தபின் கடைசியில்.

ஸ்னாப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டிபென்டென்சி சண்டை வராது, உண்மைதான், எல்லாம் ஒரே பொட்டலத்துக்குள். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை புதுசு வந்திருக்கிறதா என்று தானாகப் பார்த்து, கேட்காமல் இறக்கும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறவனுக்கு இது காலையிலேயே அன்றைய டேட்டாவில் கை வைப்பது. 22.04-இலிருந்து 'ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்' அடித்தாலும் பின்வாசல் வழியாக ஸ்னாப்தான் வருகிறது. 'ஸ்னாப் ரெஃப்ரெஷ் ஹோல்டு' அடித்து நிறுத்தி வைக்கலாம், எந்த மிஷின் வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். ஃபிளாட்பாக் பரவாயில்லை, சொன்னால்தான் புதுப்பிக்கும், ஃபிளாட்ஹப்பில் புது க்யூஜிஐஎஸ்ஸும் இருக்கிறது, முதல் தடவை ரன்டைம் என்று ஒரு பெரிய மூட்டையை இறக்குவதுதான் வலி, அடுத்தடுத்த செயலிகள் அதையே பகிர்ந்துகொள்ளும். ஆப்இமேஜ் ஒரே கோப்பு, பென்டிரைவில் போட்டு யாருக்கும் கொடுக்கலாம், 22.04-இல் லிப்ஃபியூஸ்2 என்ற நூலகம் இல்லாமல் பல ஆப்இமேஜ்கள் திறக்காது என்பதை நினைவில் வையுங்கள். மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்வது? 4 ஜிபி ராமில் க்யூஜிஐஎஸ் கம்பைல் செய்யக் கிளம்புகிறவரோடு நான் வாதாட மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்றால், ஸ்னாப்பை நிறுத்தினோம். க்யூஜிஐஎஸ், பைத்தான்3-ஜிடால், நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் எல்லாம் ஆப்ட்-கெட்டில், இரண்டு ராத்திரி இரண்டு நாள் டேட்டாவில். எக்ஸ்அரே, நெட்சிடிஎஃப்4 இரண்டையும் சிஸ்டத்தைப் பார்க்கிற வென்வுக்குள் பிப்பில். இறக்கிய டெப்களையும் வீல்களையும் பென்டிரைவில் போட்டு, மறுநாள் என் பழைய மிஷினில், வைஃபையை அணைத்துவிட்டு, அந்தப் பிள்ளையையே நிறுவச் சொன்னேன். ஒரே ஒரு டெப் குறைந்தது, அதையும் இறக்கிச் சேர்த்தோம். வெப்பநிலைக் கோப்பு திறந்தது, மன்னார் வளைகுடா சிவப்பும் மஞ்சளுமாகத் திரையில் வந்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டது. எங்கள் மிதவை எது என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார்.

கோண்டாவை ஒதுக்கிவிட்டேன் என்று அர்த்தமில்லை. நேற்று ராத்திரி ஒரு மெசேஜ்: "அண்ணே, காலேஜ் மிஷின்ல 24.04 இருக்கு, அட்மின் பாஸ்வேர்டு தர மாட்டேங்கிறாங்க, சார் அதுல ஓட்டிக் காட்டச் சொல்றார்." பைத்தான் பதிப்பு வேறு, எங்கள் வீல்களில் பாதி அங்கே ஏறாது, சூடோவும் கிடையாது. காலேஜ் நெட்டிலேயே மினிஃபோர்ஜை இறக்கி உன் கணக்குக்குள் போட்டுக்கொள், நம் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் உள்ள பதிப்பு எண்களையே அங்கேயும் கொடு என்று பதில் போட்டிருக்கிறேன். பென்டிரைவ் இன்னும் அதனிடம்தான் இருக்கிறது.